கார்பன் நோன்பும் அக்காவின் பஸ்ஸும்

எங்கள் சபையில் லெந்து காலம் வந்தால் எதையாவது விட்டுவிடுவது வழக்கம். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நோன்பு நாட்களில் சிலர் கறி தின்ன மாட்டார்கள், சிலர் சீரியல் பார்க்க மாட்டார்கள். சில ஆண்கள் எதை விட்டிருந்தார்கள் என்பது, ஈஸ்டர் அன்று மாலை அவர்கள் அதை மறுபடி பிடித்துக்கொள்ளும் வேகத்தில் தெரியும். போன வருடம் எல்லாரும் காரை விடுவது என்று முடிவானது. அதற்குக் 'கார்பன் நோன்பு' என்று பெயர் வைத்தார்கள். பூமி சூடாவது எனக்கும் தெரியும்; மொட்டை மாடிக்குக் கீழே படுக்கிறவள் நான், மார்ச் மாதம் என்னை வேகவைக்கிறது. ஆகவே நோன்பைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. நோன்பு இருந்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் சபை பெங்களூரு காக்ஸ் டவுனில் இருக்கிறது. சபையார் பாதிப் பேர் இப்போது காக்ஸ் டவுனில் இல்லை. அப்பா கட்டிய ஓட்டு வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு வைட்ஃபீல்டில் நீச்சல் குளம் உள்ள அடுக்ககங்களுக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கொரு காரில் வந்து, ஆராதனை முடிந்ததும் வெயில் தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அந்தக் காரின் ஏசியை முன்கூட்டிப் போட்டுவிட்டு, கீழே நின்று அரை மணி நேரம் கதை பேசுவார்கள். இவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் பசுமைக் குழு.

குழுவின் செயலர் மட்டும் இன்னும் காக்ஸ் டவுன்வாசி. சர்ச்சுக்கு எதிர்ப்புறம், பஸ் நிறுத்தத்தை ஒட்டியே அவர் வீடு. நிறுத்தத்துக்கு ஒரு நிழற்கூரை உண்டு. அதற்கு முன்னால் அவருடைய கார் நிற்கும், அந்தக் காருக்குப் பின்னால் அவருடைய மனைவியின் கார் நிற்கும். நாற்பது தாண்டிய மனிதர், என்னை ஆன்ட்டி என்பார். வைட்ஃபீல்டில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. மெட்ரோ ரயில் வந்ததால் பெங்களூரு எப்படி மாறிவிட்டது என்று அருமையாகப் பேசுவார். அதில் அவர் ஒரே ஒரு தடவை, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் போயிருக்கிறார்.

லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று சர்ச் வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பிளாஸ்டிக்கை எதிர்த்தும் அதில் ஒரு வரி இருந்தது. 'இந்த லெந்து காலத்தில் நான் பேருந்தில் பயணம் செய்வேன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே எல்லாரும் மார்க்கர் பேனாவால் கையெழுத்து வைக்க இடம் விட்டிருந்தார்கள். மனிதர்கள் வரிசையில் நின்று கையெழுத்து வைத்தார்கள், வைக்கும்போது படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கார் சாவியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்து வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா சபையில் ஆர்கன் வாசிப்பவள். வாரநாட்களில் அடுகோடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். கண் அழுத்த நோயால் அவளுக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. நேராகப் பார்ப்பதும் மங்கல். ஆர்கன் கட்டைகளைப் பார்க்காமலே வாசிக்கிற விரல்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் வேலைக்குப் போய் வருவதற்கு அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, செயலர் வீட்டு வாசல் நிறுத்தத்திலிருந்து அடுகோடி வழியாகப் போகும் அந்த பஸ். அந்த நிறுத்தத்தில் வேறு பஸ் நிற்காது என்பதால் போர்டைப் படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. வந்தால் ஏறிவிடுவாள்.

அந்த பஸ் முந்தின வருட மழைக்காலத்தில் நின்றுபோனது. யாரும் அறிவிக்கவில்லை, ஒரு நாள் வரவில்லை, அவ்வளவுதான். அக்கா சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாறிப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் போர்டு தெரியாமல் ஏதோ பஸ்ஸில் ஏறி, ஊரின் வேறொரு மூலையில் இறங்கி, போனில் என்னைக் கூப்பிட்டு, "நான் எங்க இருக்கேன்னு யாரையாவது கேட்டுச் சொல்லட்டுமா?" என்றாள். ஆட்டோக்காரர்கள் அடுகோடி என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆப்பில் வண்டி கூப்பிட்டால் நம்பரைப் பார்த்து ஏற வேண்டும். நம்பரைப் பார்க்கத்தான் கண் இல்லையே. அவள் தாமதமாகப் போன நாட்கள் கூடின. பள்ளிக்கூடத்தில் பிரின்சிபால் அன்பாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாளில் ரெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு அந்த வேலை போனால் நாள் முழுவதும் வீட்டில் என் முகத்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் மங்கலாக. அவளுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை என்று அவளே சொன்னாள்.

இதையெல்லாம் சபையில் அவள் சொல்லாத ஆள் இல்லை. எல்லாரும் உச்சுக்கொட்டி, ஜெபத்தில் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

பசுமைக் குழு நோன்பைத் தொடங்க ஒரு பயணம் ஏற்பாடு செய்தது. லெந்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் எதிரே உள்ள நிறுத்தத்துக்கு நடந்துபோய், பஸ் ஏறி, அடுகோடிப் பக்கம் ஒரு ஹாலில் நடக்கும் பருவநிலைப் பேச்சைக் கேட்கப் போக வேண்டும். திட்டமிடும் கூட்டத்தில் அக்காவும் இருந்தாள்.

"அந்த பஸ் வர்றதில்லப்பா" என்றாள்.

செயலர் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆப்ல காட்டுதே ஆன்ட்டி" என்றார்.

"ஆப்ல வரும். ரோட்டுல வராது."

"நீங்க கவலைப்படாதீங்க, நான் வெரிஃபை பண்ணிட்டேன்" என்றார். தன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற விஷயத்தைப் போனில் சரிபார்த்த மனிதர் அவர்.

அந்த ஞாயிறு, பட்டுப்புடவையும் கோட்டும் போட்டுக்கொண்டு சபை மொத்தமும் நிறுத்தத்தில் நின்றது. செயலர் ஆப்பைப் பார்த்து, வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நிழற்கூரைக்குள் நிற்க முடியவில்லை, அவர் கார் மறைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் வெயில் ஏறி, ஒரு குழந்தை அழ ஆரம்பித்ததும், "இன்னிக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள் போலும். மறு நிமிடம் காம்பவுண்டுக்குள் கார்கள் உறுமின. வந்திருந்த பேச்சாளர் பொதுப் போக்குவரத்தின் அவசியத்தைப் பற்றிப் பேசினார். கைதட்டினோம். அந்த ஹாலுக்கு வெளியே கார் நிறுத்த இடமில்லாமல் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் அக்காவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஏசி நல்லா இருந்துச்சு" என்றாள்.

பஸ் நின்றுபோனது இப்போது செயலருக்கே தெரிந்துவிட்டதால் அது ஒரு பிரச்சினையானது. உடனே இணையத்தில் ஒரு மனு ஏற்றினார். சபையின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டதும் கைகூப்புகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. மெல்போர்னிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் ஆதரவு குவிந்தது. காக்ஸ் டவுன் பஸ்ஸுக்காக டொராண்டோ துடித்தது எனக்குப் புல்லரித்தது. அந்த மனு யாருக்குப் போகிறது என்று கேட்டேன். "அது அவேர்னஸ்காக ஆன்ட்டி" என்றார். அதாவது யாருக்கும் போகவில்லை.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு மேஜைக்கு எதிரே போய் உட்காராமல் எந்தக் காரியமும் நடக்காது என்பதை அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றவள். பஸ் டிப்போவுக்குப் போனேன். மேனேஜர் மரியாதையான மனிதர், டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஜன இத்ரே பஸ் பிட்தீவி மேடம்" என்றார். ஆள் இருந்தால் பஸ் விடுகிறோம் என்கிறார்.

பஸ்ஸே வராத நிறுத்தத்தில் ஆள் எப்படி நிற்கும் என்று கன்னடத்திலேயே கேட்டேன். அவர் அதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனாலும் ஆள் வேண்டும் என்றார். வாரநாளில் இன்ஸ்பெக்டருக்குப் பெரிய ஸ்டாண்டைவிட்டு அசைய முடியாதாம். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன், கூட்டம் இருந்தால் மறுபடி விடலாம் என்றார். வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களின் பஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் எண்ணுகிற அந்த நிர்வாகத்தை நினைத்து அங்கேயே சிரித்திருப்பேன். ஆனால் அவர் டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

இதைப் பசுமைக் குழுவில் சொன்னேன். ஒரு ஞாயிறு காலை எல்லாரும் நிறுத்தத்தில் வந்து நின்றால் போதும் என்றேன். அரசாங்கத்தோடு மோதுகிற மாதிரி ஆகிவிடும் என்றார் ஒருவர். அரசியல் சாயம் வந்துவிடும் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஒருவர், "நாம ஜெபிக்கலாம் சிஸ்டர்" என்றார். ஜெபத்துக்கு நான் எதிரியல்ல. எழுந்து நிற்கச் சொன்னால் முழங்காலில் விழுகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

இந்த நிலையில்தான் செயலர் புதுக் கார் வாங்கினார். லெந்தின் நடுவில். எங்கள் சபையில் யார் புது வண்டி வாங்கினாலும் ஆராதனை முடிந்ததும் ஆயர் காம்பவுண்டுக்கு வந்து, வண்டியின் மேல் கைவைத்து ஜெபிப்பார். வண்டிக்கும் அதில் போகிறவர்களுக்கும் கர்த்தருடைய பாதுகாப்பைக் கேட்பார். பிறகு கேக் வெட்டுவார்கள். காருக்கு ஜெபம் செய்வது எங்கள் ஊரில் சாதாரணம், சைக்கிளுக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. சர்ச் கதவைத் திறந்து வைத்து, ஆர்கனில் ஒரு பாட்டு வாசிக்கும்படி அக்காவைக் கேட்டார்கள்.

"பெரிய வண்டியா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"நம்ம ஹால்ல விட்டா, நாம வெளியதான் படுக்கணும்."

பக்கத்தில் நின்ற செயலருக்குக் கேட்டுவிட்டது. "ஹைப்ரிட் ஆன்ட்டி. பாதி கரன்ட்லயே ஓடும். சுற்றுச்சூழலுக்காகத்தான் வாங்கினேன்" என்றார். ஃப்ளெக்ஸில் அவருடைய கையெழுத்துதான் முதலாவது, எல்லாவற்றையும்விடப் பெரியதும்கூட. அந்த ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழேதான் புதுக் கார் நின்றது.

அக்கா உள்ளே நடந்தாள். போய் உட்கார்ந்து வாசித்தாள். முடித்துவிட்டு ஆர்கனின் மூடியை இறக்கினாள், கேக்கைக்கூட வாங்காமல் நேரே ஆயரிடம் போனாள். எங்கள் ஆயர் நல்லவர், பயந்த சுபாவம். சபைக் கமிட்டிக்காரர்கள் தும்மினால் அவர் கைக்குட்டை எடுப்பார்.

"ஐயா, குருத்தோலை ஞாயிறு பவனி இந்த வருஷம் பஸ் ஸ்டாப்புல நிக்கணும். இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் நிக்கணும்."

"பவனி எப்பவும் முக்குல திரும்பிடுமே சிஸ்டர். கமிட்டில கேக்கணும்."

"கேளுங்க. அவங்க கார்பன் நோன்பு இருக்காங்க இல்ல, நான் ஆர்கன் நோன்பு இருக்கேன். பெரிய வெள்ளிக்கும் வாசிக்க மாட்டேன், ஈஸ்டருக்கும் வாசிக்க மாட்டேன். கீபோர்டு வாசிக்கிற பசங்கள வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

கீபோர்டு வாசிக்கிற பையன்களுக்கு மூன்று பாட்டுத்தான் தெரியும், அதில் இரண்டு கிறிஸ்துமஸ் பாட்டு. கமிட்டி கூடியது. பவனியின் பாதையை மாற்றுவது மரபை மீறுவதாகும் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஓட்டு வீடுகளையும் மரங்களையும் விற்றுத் தின்றவர்களுக்கு ஒரு தெரு முனை மரபாகிவிட்டது. ஆனால் ஈஸ்டருக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள், ஆராதனையை நேரலையில் போடுவார்கள். ஆர்கன் இல்லாமல் மானம் போய்விடும். பூமி சூடாவதற்கு அசையாதவர்கள் அதற்கு அசைந்தார்கள். அக்கா சொன்னபடியே ஆகட்டும் என்று முடிவானது. நான் டிப்போவுக்குப் போன் செய்து அந்த ஞாயிற்றைச் சொன்னேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு காலை, ஓலைகளைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடியபடி பவனி வந்து நிறுத்தத்தில் நின்றது. செயலரின் புதுக் காரை முந்தின நாளே நிறுத்தத்திலிருந்து எடுத்து வீட்டுக் கேட்டுக்குள் ஏற்றச் சொல்லியிருந்தேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு ஏற்றியிருந்தார். சத்தம் கேட்டுப் பின்சந்துகளிலிருந்து பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் வீட்டு வேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகிற நம் தமிழ்ப் பெண்கள். என்ன விசேஷம் என்று ஒருத்தி கேட்டாள். நின்றுபோன பஸ்ஸைத் திரும்பக் கேட்கிறோம் என்றேன். "அடுகோடி வண்டியா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தே எங்களோடு வந்து நின்றது. எங்கள் சபையார் சிலர் புடவையைச் சற்று ஒதுக்கிக்கொண்டார்கள், அதையும் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் பைக்கில் வந்தார். கூட்டத்தையும் ஓலைகளையும் பார்த்து அசந்துபோனார்.

"இவரெல்லா பஸ்ஸிகே காய்தா இத்தாரா?" என்றார். இவர்கள் எல்லாரும் பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறார்களா என்று கேட்கிறார்.

"ஹௌது சார்" என்று ஆமோதித்தேன். அவர் நம்பாமல் பார்த்ததால், எதிரே சர்ச் வாசலில் தொங்கிய ஃப்ளெக்ஸைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னேன். பேருந்தில் பயணம் செய்வேன் என்று இத்தனை பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் சார் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அவர்களுடைய பொய். இன்ஸ்பெக்டர் கூட்டத்தையும் ஃப்ளெக்ஸையும் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஈஸ்டருக்கு அக்கா வாசித்த வாசிப்பில் சர்ச் ஜன்னல்கள் அதிர்ந்தன. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை முடிந்து திறந்த வாரத்தில் பஸ் வந்தது.

முதல் நாள் பசுமைக் குழு திரண்டு வந்தது. அக்கா கேட்டுக்கொண்டபடி ஆயர் பஸ்ஸின் முன்பக்கம் கைவைத்து, கார்களுக்குச் செய்கிற அதே ஜெபத்தைச் செய்தார். டிரைவர் தன் பங்குக்கு ஏற்கெனவே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். அதன் மேல் ஏறித்தான் பஸ் புறப்பட்டது. பேனரைப் பிடித்தபடி குழுவினர் உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ளக் கார்கள் பின்னாலேயே வந்திருந்தன. அக்காவும் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் அடுகோடிவரை போனார்கள்.

அடுத்த நாட்களிலும் பஸ் ஏறக்குறைய காலியாகத்தான் போனது. அந்த ஞாயிறு செயலர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆன்ட்டி, ஒரு ஆளுக்காக அவ்ளோ பெரிய பஸ் டீசல் குடிச்சுட்டுப் போகுது. கணக்குப் பாத்தா அதுதான் பெரிய கார்பன் வேஸ்ட். ரிவ்யூ பண்ணச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றார். அவர் காரில் அவர் ஒருவர்தான் வைட்ஃபீல்டுக்குப் போகிறார் என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தியதால் விட்டுவிட்டேன்.

மாலையில் நானும் அக்காவும் பின்சந்துக்குப் போனோம். வீடு வீடாக நின்று, பஸ் வந்துவிட்டது என்றும் எத்தனை மணிக்கு வருகிறது என்றும் சொன்னோம். ஷேர் ஆட்டோவில் மூச்சு முட்டப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரசு பெண்களுக்கு இலவசமாக்கியிருந்ததால் டிக்கெட்டும் வாங்க வேண்டாம். அந்த வாரக் கடைசிக்குள் பஸ் நிரம்பியது. அடுத்த வாரம் படிக்கட்டுவரை ஆள்.

இதற்காவது செயலர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "நானே இனிமே பஸ்ல போகலாம்னு பாத்தேன் ஆன்ட்டி" என்றார் வருத்தத்தோடு. "ஆனா என்ன கூட்டம் பாருங்க. ஃபேமிலியோட எப்படிப் போறது? இதனாலதான் நம்ம ஊர்ல ஜனங்க காரை விட மாட்டேங்கறாங்க." பஸ் இல்லாதபோது பஸ் இல்லை என்று காரில் போனவர், காலியாக ஓடியபோது வீண் என்று காரில் போனவர், நிரம்பியபோது கூட்டம் என்று காரில் போகிறார். இந்த வருட லெந்துக்குப் பசுமைக் குழு காகிதக் கப்புகளை விட்டுவிட்டது. அவர்களால் தாங்கக்கூடிய தியாகம் அதுதான்.

அக்காவின் வேலை நிலைத்தது. தாமதமாக வருவது நின்றதும் பிரின்சிபால் ரெஸ்ட் பேச்சை எடுக்கவில்லை. நான் இன்னும் காலையில் நிறுத்தம்வரை அவளோடு போகிறேன், அவளுக்கு நான் தேவையில்லை என்றாலும். தூரத்தில் பஸ் திரும்பியதுமே, "டீச்சரம்மா, நம்ம வண்டி வந்துடுச்சு" என்று யாராவது ஒரு பெண் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.

போன வாரம் ஒரு நாள் பஸ் வந்து நின்ற நேரம், செயலரின் கார் கேட்டிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஹாரன் அடித்தார். மற்ற பெண்கள் ஏறிவிட்டார்கள், அக்கா கடைசி. ஒரு காலைப் படியில் வைத்தவள் நின்றாள்.

"யாரது?" என்றாள்.

"நம்ம செயலர்."

"எங்க போறாரு?"

"ஆபீசுக்கு. லேட் ஆயிடுச்சு போல."

மறுபடி ஹாரன் கேட்டது. கண்டக்டர் அவசரப்படுத்தவில்லை. அக்கா கைப்பிடியைத் தேடினாள், கிடைத்ததும் பையை மறு தோளுக்கு மாற்றினாள், பிறகு புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி ஏறினாள். அன்றைக்கு அவளுக்குப் படிகள் வழக்கத்தைவிட மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும்.